41-இல் தேடினால் கிடைக்காது: ஒரு லத்தீன் வசனத்தின் முகவரி

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடக்கும் ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ‘அபிஸ்ஸுஸ் அபிஸ்ஸும் இன்வோகாத்’ என்கிறார். அடிக்குறிப்பில் ‘சங். 41:8’ (சங்கீதம் 41, வசனம் 8) என்று இருக்கிறது. பரிசுத்த வேதாகமத்தில் அந்த இடத்தில் நோயாளியைப் பற்றி ஏதோ வருகிறது. எங்கே தேடுவது, எப்படி மொழிபெயர்ப்பது? (வாசகர், மதுரை)

பதில்: அடிக்குறிப்பு சரிதான், எண் வரிசைதான் வேறு. பாதிரியார் படித்தது வுல்காத்தா என்னும் லத்தீன் விவிலியம். எபிரேய மூலத்திலும் அதைப் பின்பற்றும் நம் வேதாகமத்திலும் 9, 10 என்று தனித்தனியே உள்ள சங்கீதங்களை அது ஒன்றாக எண்ணும். அதனால் அதில் 10 முதல் 112 வரை எந்த எண் வந்தாலும் ஒன்று கூட்டுங்கள்: 41 நமக்கு 42. 116 முதல் 145 வரையிலும் அப்படியே. நடுவிலுள்ள 113, 114, 115 மட்டும் சிக்கல். அங்கே கணக்கை நம்பாமல் வசனத்தைப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

வசன எண்ணும் இடறும். ‘இராகத்தலைவனுக்கு’ என்பது போன்ற தலைப்பை வுல்காத்தா பெரும்பாலும் முதல் வசனமாக எண்ணும், நம் பதிப்பு எண்ணாது. ஆகவே 8 என்பது 7. சில சங்கீதங்களில் தலைப்பே இரண்டு வசனத்தை விழுங்கிவிடும்: 50:3 நமக்கு 51:1.

இனி 42:7-ஐப் புரட்டுங்கள்: ‘உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது.’ நிறைகண்மாயில் மதகைத் திறக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வரிக்கு உரை தேவையில்லை. லத்தீனில் இருக்கும் ‘கதராக்தா’வுக்கு அருவி என்றும் பொருள் உண்டு, ஆனால் மதகை விட்டு அருவிக்குப் போக எனக்கு மனம் வராது.

அதே வசனத்தின் பிற்பகுதியில் எபிரேயம் ‘உடையும் அலைகள்’ என்னும் இடத்தில் லத்தீன் ‘எக்ஸெல்சா’, அதாவது ‘உயர்ந்தவை’ என்கிறது. நாவலில் வேறு பக்கத்தில் அந்தப் பகுதி வந்தால், மூலம் லத்தீனா எபிரேயமா என்று இந்தச் சொல்லை வைத்தே கண்டுபிடிக்கலாம். அலைகளை மட்டும் வைத்துத் தேடினால் யோனா 2:3-க்குப் போய்விடுவீர்கள். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொற்கள்.

பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. சங்கீதத்தில் அது துயரத்தில் மூழ்கியவனின் குரல். பிற்காலத்தில் ‘ஒரு கேடு இன்னொரு கேட்டை இழுத்து வரும்’ என்ற பழமொழியாகவும் அது வழங்கியது. பாதிரியார் செபத்தில் சொல்கிறாரா, ஒருவனின் சீரழிவைப் பார்த்துச் சொல்கிறாரா? முதலாவதானால் வேதாகம வரி அப்படியே போதும். இரண்டாவதானாலும் ‘பட்ட காலிலே படும்’ என்று மாற்றிவிடாதீர்கள். அது துன்பத்தின் மேல் துன்பம் வருவதைச் சொல்கிறது, பாவம் பாவத்தைக் கூப்பிடுவதை அல்ல. தண்ணீரும் காணாமல் போகும். ‘ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது’ என்றே வைத்து, அடுத்த வாக்கியத்தில் பொருளை விளங்கவிடுங்கள்.

சங்கீதத்துக்குத் ‘திருப்பாடல்’ என்பது 1995இல் வந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பில் பழகிய பெயர். உங்கள் பாதிரியார் வாயில் அது ஒட்டாது. பழைய பதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி நூலகத்தில் முன் அனுமதி கேட்டுப் பாருங்கள். அடிக்குறிப்பில் இரண்டு எண்களையும் கொடுங்கள்: சங்கீதம் 42:7, வுல்காத்தாவில் 41:8.