கொடைக்கானலில் எங்கே ஓடலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானலில் நான்கு நாள் தங்கப்போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. தினமும் காலையில் மெரினாவில் 8 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான். மலையில் எங்கே ஓடுவது? ஓட்டமும் விட்டுப்போகக் கூடாது, வீட்டில் திட்டும் வாங்கக் கூடாது.
- சென்னை வாசகர்

பதில்: கொடைக்கானலில் எங்கே ஓடுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு ஓடுகிறோம் என்பதுதான் முக்கியம் சார், அதுவும் மே மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். ஏரிச் சாலையில் பத்து மணிக்கு மேல் வாடகை சைக்கிள், குதிரை, சோளக்கதிர் வண்டி, பார்க்கிங் தேடி ஊர்ந்துவரும் கார் என்று நடக்கவே இடம் இருக்காது. அதே சாலை காலை ஆறு மணிக்கு உங்களுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி காலியாக இருக்கும். ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம், பிள்ளைகள் அப்போதுதான் போர்வைக்குள் புரண்டுகொண்டிருப்பார்கள். திட்டு விஷயம் அதோடு முடிந்தது.

இடம் என்று கேட்டால் ஏரிதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், வழி தவறவும் வாய்ப்பில்லை. உங்கள் 8 கிலோமீட்டருக்கு ஒன்றரைச் சுற்று என்று கணக்குப் போட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். படகுத்துறையில் ஆரம்பித்து ஒரு முழுச் சுற்று, அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவது, அதுதான் சரி. அறை பதிவு செய்யும்போதே ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். அட்டுவம்பட்டி, வில்பட்டி பக்கம் அழகான காட்டேஜ்கள் இருக்கின்றன, ஆனால் அங்கிருந்து ஓடுவதற்காக விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும், இரண்டாம் நாளே சலித்துவிடும். ஏரி பள்ளத்தில் இருப்பதால் ஓடி முடித்துவிட்டு அறைக்கு ஏறித்தான் ஆகவேண்டும். அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள்.

முதல் நாள் மூச்சு வாங்கும். ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடற்கரையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெரினாவில் ஓடும் வேகத்தை அங்கே வாட்ச்சில் தேடாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகம் போதும், பேச ஆளில்லை என்றால் ஒரு பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள், இரண்டு வரி வரவில்லை என்றால் வேகம் அதிகம். குளிரில் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

மூன்றாம் நாள் கால் பழகிவிட்டது என்று தோன்றினால் வானியல் ஆய்வகம் இருக்கும் மேட்டுக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். 2,343 மீட்டர் உயரம், 1899-ல் ஆரம்பித்த இடம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். பையன் அறிவியல் படிக்கிறவனாக இருந்தால் அப்புறமாகக் காரில் கூட்டிப்போய்க் காட்டலாம். ஏறும்போது நெஞ்சு பிடிக்கும், இறங்கும்போது தொடை பிடிக்கும், அதனால் இறக்கத்தில் காலைச் சின்னச் சின்னதாக எடுத்து வையுங்கள். தூண் பாறை போகும் சாலையை மட்டும் விட்டுவிடுங்கள், சீசனில் அது ஓடுகிறவர்களுக்கான சாலை இல்லை, வண்டி வரிசை. கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர்தான், டிக்கெட் வாங்கிக்கொண்டு போகவேண்டும். அங்கே ஓடி யாரையும் இடிக்காமல் அம்மாவைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள்.

முக்கியமான விஷயம் காட்டுமாடு. ஊருக்குள்ளேயே வரும், ஏரிக்குப் பக்கத்திலும் வரும், பார்த்தால் சாதுவாகப் புல் மேய்ந்துகொண்டு நிற்கும், முட்டினால் எலும்பு மிஞ்சாது. வளைவு திரும்பியதும் கரேலென்று ஒன்று நின்றால் ஓரமாக ஓடிக் கடந்துவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். செல்ஃபி வேண்டாம். இருட்டில் கிளம்பக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். மூடுபனி இறங்கினால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள்.

ஒரு நாள் மட்டும் சைக்கிள் கடை திறக்கும்வரை பொறுத்திருந்து, பிள்ளைகளை வாடகை சைக்கிளில் ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நீங்கள் ஓடுங்கள். வேகமெல்லாம் வராது, குதிரைச் சாணத்தைத் தாண்டித் தாண்டித்தான் போகவேண்டும், ஆனால் மனைவிக்கு ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். ஷூ நனைந்தால் அந்தக் குளிரில் காயாது, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள். கிளம்புவதற்கு முன் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும்.

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ரிசார்ட். கணவரும் குழந்தையும் எட்டு மணிவரை தூங்குவார்கள். நான் தனியாக ஓடலாமா?
- கோவை வாசகி

பதில்: ஓடலாம் அம்மா, ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் வேண்டாம். பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. கரடி, சிறுத்தை, காட்டுமாடு மூன்றும் நடமாடும் ஊர் அது. முந்தின நாள் சாயங்காலமே ரிசார்ட் வாட்ச்மேனிடம் எந்தப் பக்கம் எது வருகிறது என்று கேட்டுவையுங்கள், மேனேஜரைவிட அவருக்குத்தான் தெரியும். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, தோட்ட வேலைக்கு ஆட்கள் நடக்கிற, பஸ் ஓடுகிற தார்ச் சாலையில் போங்கள், காதில் ஹெட்போன் வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கணவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், தூங்கினாலும் எழுந்ததும் பார்ப்பார்.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடியே ஏற ஆசை. குடும்பம் பின்னாலேயே காரில் வரும். முடியுமா?
- ஈரோடு வாசகர்

பதில்: கால் முடியும் என்றாலும் சாலை விடாது. 20 கொண்டை ஊசி வளைவு, எதிலும் எதிரே வருவது தெரியாது, அதில் உங்கள் வேகத்துக்கு ஊர்ந்து ஒரு கார் பின்னால் வந்தால் அதற்குப் பின்னால் பஸ்காரர் அடிக்கும் ஹாரன் சேலம் வரைக்கும் கேட்கும். எல்லோரும் காரிலேயே மேலே போய்விடுங்கள். மறுநாள் காலையில் ஏற்காடு ஏரிப் பக்கம் ஓடிக்கொள்ளலாம்.