ஸ்பானிஷில் இறந்த கால வினையோடு இரண்டு பிரதிப்பெயர்கள் வந்தால் எதை முன்னே வைப்பது?

‘நான் அவரிடம் அவற்றைக் கொடுத்தேன்’ என்பது போன்ற வாக்கியங்களை ஸ்பானிஷில் அமைக்கும்போது எது முன்னே, எது பின்னே என்று ஒவ்வொரு முறையும் குழம்புவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானிஷ் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சொல்வது, இந்த இடத்தில் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள் என்பதுதான். ‘எனக்கு அதைக் கொடுத்தான்’ என்பதில் நான்காம் வேற்றுமை முதலிலும் இரண்டாம் வேற்றுமை அடுத்தும் வினைமுற்று கடைசியிலும் வருகின்றன. எழுவாய் விகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘மே லோ தியோ’ என்பதும் அச்சாக இதே வரிசைதான். தமிழில் ‘அதை எனக்குக் கொடுத்தான்’ என்று மாற்றிச் சொல்லலாம். ஸ்பானிஷில் அந்தச் சலுகை கிடையாது. எதிர்மறைச் சொல்லான ‘நோ’ இரண்டுக்கும் முன்னால் போய் நிற்கும்: ‘நோ மே லோ தியோ’.

சிக்கல் தொடங்குவது இரண்டு பிரதிப்பெயர்களும் படர்க்கையில் வரும்போதுதான். ‘அவருக்கு’ என்பதற்கான ‘லே’யும், ‘அவர்களுக்கு’ என்பதற்கான ‘லேஸ்’ என்பதும், ‘அதை’, ‘அவற்றை’ என்பவற்றுக்கான லோ, லா, லோஸ், லாஸ் ஆகியவற்றுக்கு முன்னால் ‘சே’ என்று மாறிவிடுகின்றன. இரண்டு லகரங்கள் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு இனிமையாக இராது என்று பல ஆசிரியர்கள் காரணம் சொல்வார்கள். அது பின்னால் கட்டிய காரணம். இடைக்கால ஸ்பானிஷில் இந்த இடத்தில் ‘ஜெ லோ’ என்ற வடிவமே இருந்தது, அதுதான் பிற்காலத்தில் ‘சே லோ’ ஆயிற்று. ஆகவே ‘தன்னை’ என்று பொருள்படும் ‘சே’க்கும் இதற்கும் பிறப்பில் உறவில்லை.

ஒரு சிறு உரையாடலைப் பாருங்கள். சாவிகளைக் காவலாளியிடம் கொடுத்தாயா என்று ஒருவர் கேட்கிறார். சாவி என்ற சொல் ஸ்பானிஷில் பெண்பால், இங்கே பன்மை. எனவே ‘அவற்றை’ என்பது ‘லாஸ்’. நேற்றே கொடுத்துவிட்டிருந்தால் ‘சே லாஸ் தி அயேர்’ என்று பதில் வரும். வழக்கமாகக் கொடுத்துவந்ததைச் சொல்ல ‘சே லாஸ் தாபா’ என்றால் போதும். வரிசையில் மாற்றமே இல்லை. யாரிடம் என்பது தெளிவாகாவிட்டால், ‘சே’ என்பது அவன், அவள், அவர்கள், மரியாதைக்குரிய நீங்கள் ஆகிய எல்லோரையும் குறிக்குமாதலால், ‘ஆ எய்யா’ (அவளிடம்) என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே கேள்விக்கு மத்ரித்வாசி ஒருவர், கொடுத்தது இன்று காலையில் என்றால், ‘சே லாஸ் ஏ தாதோ’ என்பார். மெக்சிகோக்காரர் பெரும்பாலும் இதற்கும் ‘சே லாஸ் தி’ என்றே சொல்வார். பலரும் தவறுவது இந்த ‘ஏ தாதோ’ வடிவத்தில்தான். துணைவினையான ‘ஏ’க்கும் ‘தாதோ’வுக்கும் நடுவே பிரதிப்பெயர் நுழையக் கூடாது, ‘தாதோ’வின் வாலில் ஒட்டவும் கூடாது, இரண்டும் ‘ஏ’க்கு முன்னால்தான் நிற்க வேண்டும். துணைவினை முற்றாக இல்லாமல் ‘அபேர்’ என்ற மூல வடிவில் இருந்தால் மட்டும் அதோடு ஒட்டி ‘அபேர்செலாஸ் தாதோ’ என்று வரும். பள்ளியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஸ்பானிஷுக்கு வருபவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: பிரெஞ்சில் படர்க்கைப் பிரதிப்பெயர்கள் இரண்டு வந்தால் ‘அவற்றை’ முன்னும் ‘அவருக்கு’ பின்னும் வரும், ‘தாதோ’ போன்ற எச்ச வடிவமும் பெண்பால் பன்மைக்கு ஏற்ப மாறும். ஸ்பானிஷில் இரண்டுமே இல்லை. சாவிகள் எத்தனையானாலும் ‘தாதோ’ தாதோவாகவே இருக்கும்.

‘கொடுக்க விரும்பினேன்’ போன்ற இரட்டை வினைகளில் மட்டும் உங்களுக்கு விருப்பம் உண்டு. ‘சே லாஸ் கீசே தார்’ என்றும் சொல்லலாம், ‘கீசே தார்செலாஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டாவதை எழுதும்போது ‘தார்’ என்பதன் உயிரெழுத்தின் மேல் அழுத்தக்குறி இட மறக்காதீர்கள்.

லத்தீன் அமெரிக்கர்களோடு பேசினால், ‘அவர்களிடம் அதைச் சொன்னேன்’ என்பதற்கு ‘சே லோஸ் திஹே’ என்று கேட்பீர்கள். சொன்னது ஒரே விஷயம்தான் என்றாலும், ‘அவர்களிடம்’ என்பதன் பன்மையைச் ‘சே’ காட்டாததால் அந்தப் பன்மை ‘லோ’வின் மேல் ஏறிக்கொள்கிறது. படித்தவர்கள் பேச்சிலும் இது பரவலாக உண்டு. இருந்தாலும் ஸ்பானிஷ் மொழித் திறனுக்கான தேலே (DELE) தேர்வில் எழுதுவதாக இருந்தால் ‘சே லோ திஹே’ என்றே எழுதுங்கள்.