அறுவை மருத்துவருக்கு மனம் மரத்துப் போய்விடுமா?

மகள் பொது அறுவை மருத்துவத்தில் மேற்படிப்புச் சேர விரும்புவதாகவும், மரணங்களைப் பார்த்துப் பார்த்து அவள் மனம் மரத்துப் போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதி, ஓய்வு பெற்றவர்கள் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்திலேயே பணிக்காலத்தைக் கழித்த அறுவை மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரத்துப் போகாது. அரங்கில் இருக்கும்வரை மனம் சற்று ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். நோயாளியின் முகம் உட்பட எல்லாவற்றையும் பச்சைத் துணி மறைத்துவிட, கண்முன் இருப்பது ஒரு சாண் அகல வயிறு மட்டுமே. கை தன் வேலையைப் பார்க்கும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அந்த வயிறு மறுபடியும் யாரோ ஒருவருடைய தகப்பனாகவோ மகனாகவோ ஆகிறது.

எங்கள் பக்கத்தில் பதநீர்க் காலம் தொடங்கினால் பனையிலிருந்து விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. இடப்பக்க விலா எலும்புகள் முறிந்து மண்ணீரல் கிழிந்தவர்களும் உண்டு. எண்பதுகளில் எங்களுக்கு ஸ்கேன் எட்டாத வசதி. வயிற்றில் ஊசியைச் செலுத்தி இழுப்போம். சிரிஞ்சில் ஏறும் இரத்தம் உறையாமல் நின்றால் உள்ளே கசிகிறது என்று பொருள். அதன் பிறகு முடிவெடுக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். கையிலிருக்கும் இரண்டு பாட்டில் இரத்தத்தை நம்பி இங்கேயே திறப்பதா, அல்லது தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலான சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதா?

ஒரு பனையேறிக்கு இங்கேயே திறந்தேன். அவருடைய நாடி இருந்த நிலையில் களியக்காவிளையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. மயக்க மருத்துவரும் அதையே சொன்னார். மண்ணீரலை எடுத்து முடித்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை. கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் பெருஞ்சிரையும் கிழிந்திருந்தது. துணிகளை வைத்து அழுத்திப் பிடித்தும் பயனின்றி மேசையிலேயே இறந்துவிட்டார். வராந்தாவில் அவருடைய மனைவி அரிவாள்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாளை சீவும் அரிவாள் அதற்குள் அப்படியே இருந்தது. விழுந்த இடத்திலிருந்து அதை ஏன் எடுத்து வந்தாரோ, அவருக்கே தெரிந்திருக்காது. நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, "உள்ளதைப் பறையும் டாக்டரே, திருவந்தரத்துக்குக் கொண்டு போயிருந்தா எனக்க மாப்பிள பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டார். வாய்ப்பில்லை அம்மா என்றேன். மருத்துவ அறிவின்படி அதுதான் பதில். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

மருத்துவமனையில் நேர்ந்த இறப்புகளை ஆராயும் மாதக் கூட்டத்தில் அந்தக் கோப்பை எடுத்துப் பேசி, எடுத்த முடிவு சரி என்று சொல்லி மூடினார்கள். என் அனுபவத்தில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய பாரம் இப்படி மூடப்பட்ட கோப்புகளில்தான் இருக்கிறது. பிழை என்று ஒன்று தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம், இனி அவ்வாறு நேராமல் ஒரு விதியை ஏற்படுத்தலாம். எல்லாம் முறைப்படி நடந்தும் ஆள் போய்விட்டால் திருத்த எதுவுமில்லை, மற்ற வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் வந்து சொல்லப்போவதுமில்லை. அந்தக் கூட்டங்களில் இரத்த அழுத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்று கேட்பார்கள். அன்றிரவு உறங்கினீர்களா என்று எங்கள் தலைமுறையில் எவரும் எவரையும் கேட்டதில்லை.

நெய்யூர் மருத்துவமனையின் சாமர்வெல்லை இங்கே பலருக்கும் தெரியும். எவரெஸ்ட் ஏறிய டாக்டர் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1922 பயணத்தில் பனிச்சரிவு விழுந்து சுமைதூக்கிகள் 7 பேர் இறந்ததையும், தானும் அந்தப் பனிக்குள் இறந்து கிடந்திருக்கலாமே என்று எண்ணியதாக அவரே பின்னர் எழுதியதையும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1923இல் இங்கே பணியேற்று இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தெற்குத் திருவிதாங்கூர் மக்களின் வயிற்றுப் புண்களுக்கு அறுவை செய்தவர் அவர். மலையேற்றத்தைவிட அந்த ஏழு பேரோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த வயிற்றுப் புண் அறுவைதான் என் இளமைக் காலத்திலும் அன்றாட வேலை: அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்போம். 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். சில நாள் மாத்திரையில் தீருவதற்கு இப்போது யார் வயிற்றைத் திறக்கிறார்கள்? மகிழ வேண்டிய செய்திதான், மகிழ்ந்தேன். கூடவே, அந்த அறுவைக்குப் பின் தையல் கசிந்து இறந்த சிலரை நினைத்துக்கொண்டேன். பத்தாண்டு கழித்து நோய் வந்திருந்தால் அவர்கள் என் மேசைக்கே வந்திருக்க மாட்டார்கள். வடசேரி சந்தையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி நலம் விசாரிப்பவர்களின் முகம் எனக்குப் பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. இறந்தவர்களின் முகங்களுக்கு அந்தக் குறை இல்லை. இது நியாயமில்லை என்று தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் பேசாமலிருந்த நாள்களைப் பிள்ளைகள் கோபம் என்றே எடுத்துக்கொண்டு வளர்ந்தார்கள். என் மனைவிக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது.

உங்கள் மகளுக்கு சி.டி. ஸ்கேனும் 108 ஆம்புலன்ஸும் துணையிருக்கும். நிலை சீராக இருந்தால் கிழிந்த மண்ணீரலைத் திறக்காமலே கண்காணித்துக் காப்பாற்றுகிறார்கள். என்றாலும் திறப்பதா விடுவதா என்ற அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கும் வரும். சேரட்டும், தடுக்காதீர்கள். கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே ஏற்கெனவே படிப்பவர்களிடம் ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள்: மேசையில் ஒருவர் இறந்தால், வெளியே போய் உறவினர்களிடம் சொல்வது யூனிட் தலைவரா, அல்லது முதலாமாண்டு மாணவரைத் தனியாக அனுப்புகிறார்களா? தலைவரே மாணவரையும் அழைத்துக்கொண்டு போகிற யூனிட் கிடைத்தால், கல்லூரி சற்றுத் தொலைவாக இருந்தாலும் அங்கேயே சேரச் சொல்லுங்கள்.