புது ஏடிவி வண்டியில் என்ஜின் ஏன் சூடேறுகிறது?

காடுமேட்டில் ஓட்டும் நாலு சக்கர ஏடிவியை வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, மெதுவாகப் போனாலே வெப்ப விளக்கு எரிகிறது என்கிறீர்கள். கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் புது வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது உள்ளே சிக்கிய காற்றைத்தான். காற்று நிற்கும் இடத்தில் திரவம் ஓடாது. சூடு அங்கேயே தங்கிவிடும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், ஓடவிடுங்கள். குபுகுபுவெனக் குமிழி வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க, கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடிவிடலாம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் கொதிக்கும் திரவம் முகத்தில் பீய்ச்சும்.

அப்புறம் ரேடியேட்டர் மின்விசிறி. சூடேறியும் சுற்றவில்லையென்றால் ஃபியூஸையும் வயர் இணைப்பையும் பாருங்கள். அதுவும் சரி என்றால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், வாரண்டியில் கொடுத்துவிடுங்கள்.