இரவு ரயில் வந்தாயிற்று, பகல் ரயில்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பேராவூரணிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் பயணிகள் சங்கம் ஒன்று நடத்துகிறோம். தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில் தினமும் ஓட ஆரம்பித்ததும் பாதிப் பேர் "அதான் ரயில் வந்துடுச்சே" என்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் பட்டுக்கோட்டை, திருவாரூர் பக்கம் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த ரயிலால் பயனில்லை. அவர்களுக்குத் தோதாக இன்னும் ஒரு பாசஞ்சர் கேட்கிறோம். கடைசியாகப் போட்ட மனுவில் பதினான்கு கோரிக்கை எழுதினோம். "இயக்க ரீதியாகச் சாத்தியமில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனியும் எழுதிப் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆனால் பதினான்கு கோரிக்கை வேண்டாம், ஒன்று போதும். பதினான்கும் ஒரே தாளில் போனால், அதில் நடக்கவே நடக்காத ஒன்றைக் காட்டி மொத்தத்துக்கும் ஒரு வரிப் பதில் எழுதிவிடலாம்.

உங்கள் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 2019 ஜூனில்தான் திருவாரூர் முதல் காரைக்குடி வரை அகலப்பாதையில் முழுதாக ரயில் வந்தது. வந்த ரயிலும் 149 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. தண்டவாளம் புதிது, என்ஜினிலும் கோளாறில்லை. லெவல் கிராசிங்குகளில்தான் ஆள் இல்லை. கேட் வந்ததும் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் மெல்ல நகர்ந்து கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியில் வரும் இன்னொருவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி இதே கதை. அந்த நாட்களில் "வேகமான ரயில் விடுங்கள்" என்று எத்தனை மனு போட்டிருந்தாலும் அர்த்தமில்லை. கேட்க வேண்டியிருந்தது கேட் கீப்பரை. அங்குள்ள சங்கங்கள் அதைத்தான் விடாமல் கேட்டன. கேட்டுகளுக்கு ஆள் போட்ட பிறகுதான் பயண நேரம் குறைந்தது, வெளியூர் ரயில்களும் இந்தப் பக்கம் திரும்பின. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை, 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத் திறப்போடு உங்கள் ராமேஸ்வரம் ரயில்.

எனவே இப்போதும் முதல் வேலை, எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. "இயக்க ரீதியாக" என்றால் எதுவாகவும் இருக்கலாம். ரேக், அதாவது ரயிலாக ஓட்டும் பெட்டித் தொடர், இல்லாமல் இருக்கலாம், ஒற்றைப் பாதையில் எதிர்ரயிலுக்கு ஒதுங்க இடமில்லாமல் இருக்கலாம், லோகோ பைலட் (என்ஜின் டிரைவர்) பற்றாக்குறையாக இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் போடுங்கள். இந்தப் பாதையில் இப்போது ஓடும் பாசஞ்சர் ரேக் நாள் முழுக்க எங்கெங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிற்கிறது என்று கேளுங்கள். அதில் நான்கைந்து மணி நேரம் சும்மா நிற்கும் இடம் இருந்தால், அதே ரேக்கை வைத்து இன்னொரு நடை கேட்கலாம். புது ரேக் கேட்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

அதோடு, உங்கள் ஸ்டேஷனில் மாதாமாதம் எத்தனை டிக்கெட், எத்தனை சீசன் விற்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சின்ன ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் பலர் டிக்கெட் எடுப்பதில்லை. சிலர் ஜங்ஷனிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். கணக்கில் உங்கள் ஊரில் ஆளே ஏறவில்லை என்று ஆகிவிடுகிறது. ஸ்டாப்பிங்கை எடுக்கும்போது அவர்கள் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது.

அப்புறம், மனு எங்கே போகிறது என்பது. காரைக்குடி மதுரைக் கோட்டம், உங்கள் ஊர் திருச்சிக் கோட்டம். ஒரு கோட்டத்துக்கு மட்டும் எழுதினால் மற்றதைக் கைகாட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் அனுப்பி, சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கும் நகல் போடுங்கள். கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவில் இருப்பவர் யார் என்று விசாரித்து, கூட்டத்துக்கு முன்பே விவாதப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். எம்.பி. என்று பார்த்தால் திருத்துறைப்பூண்டி நாகப்பட்டினம் தொகுதி, பேராவூரணி தஞ்சாவூர், அறந்தாங்கி ராமநாதபுரம், காரைக்குடி சிவகங்கை. நான்கு பேரிடமும் ஒரே வாசகத்தில், அந்த ஒரே கோரிக்கையில் கடிதம் வாங்குங்கள்.

கூட்டத்துக்கு வராத நண்பர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் ஒன்றை நினைவூட்டுங்கள். எக்ஸ்பிரஸுக்குக் கொடியசைக்க எல்லோரும் வருவார்கள். பாசஞ்சருக்குப் பேச அதில் போகிறவர்களை விட்டால் ஆள் கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று ஓட்டினார்கள், குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பதானது. மறுபடி பத்துக்கு வந்தது 2024 பிப்ரவரி வாக்கில். அத்தனை காலமும் பக்கத்து ஊருக்கு முப்பது ரூபாய் கொடுத்தது கூலி வேலைக்குப் போனவர்களும் கூடை தூக்கியவர்களும்தான். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ரேக் விவரத்தைப் பார்த்துவிட்டு எந்த நேரத்துக்கு ரயில் கேட்பது என்று முடிவு செய்யலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்.