மனைவி அடங்கித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லும் கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்திலிருந்து, இளம் தம்பதியாக வெளியே வந்தவர்கள் இருக்கிறீர்களா?

நாங்கள் வந்தோம். டெக்சாஸில், கல்யாணமான மூன்றாம் வருடம். எனக்கு 27, அவளுக்கு 25.

இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பங்கள். யாரையும் தெரியாத ஊரில் ஞாயிறுதோறும் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்ட ஒரு வீட்டுச் சபையில் சேர்ந்தோம். அந்த அன்பு பொய்யில்லை. அதனால்தான் கிளம்புவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஃபிரிட்ஜில் ஒட்ட ஒரு படம் கொடுத்தார்கள். மூன்று குடைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக: கிறிஸ்து, கணவன், மனைவி. குடையை விட்டு விலகினால் சாத்தான் பிடிப்பான் என்பது விளக்கம். இந்தக் குடைப் போதனையை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர் பில் கோத்தார்ட் என்ற போதகர். பெண்களிடம் தவறாக நடந்ததாகப் பலர் குற்றம் சாட்டிய பிறகு 2014-ல் அவர் தன் அமைப்பிலிருந்தே விலகினார். அந்தச் செய்தி எங்கள் சபையில் ஒருநாளும் பேசப்படவில்லை.

பிள்ளைகளை அம்புகள் என்று சொல்லும் 127-ஆம் சங்கீதத்தைக் காட்டி, கருத்தடை பாவம் என்றார்கள். நர்ஸிங் படித்தவள் அவள். அங்கே வேலை செய்வதற்கான தேர்வை எழுத வேண்டாம் என்று சபையை நடத்தும் மூப்பர்கள் என்னிடம்தான் சொன்னார்கள், அவளிடம் இல்லை. நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு இரவு அவள் அம்மா கொடுத்தனுப்பிய பழைய தமிழ் வேதாகமத்தை என் முன்னால் வைத்தாள். எபேசியர் 5. "மனைவிகளே கீழ்ப்படியுங்கள்" என்ற 22-ஆம் வசனம் எனக்கு மனப்பாடம். அவள் விரல் வைத்திருந்தது அதற்கு முந்தைய வரியில்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." இதை ஏன் யாருமே வாசிப்பதில்லை என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சரி, நீங்களும் வெளியேற நினைத்தால் செய்ய வேண்டியது. சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாம் மனைவி பெயரில், மனைவி கையில் இருக்கட்டும். சபைக்கு வெளியே ஒரு குடும்பத்தோடாவது பழகுங்கள். விலகுவதாக இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். மூப்பர்கள் "பேசலாம், வாருங்கள்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நாங்கள் போனோம். மூன்று மணி நேரம் என்னிடம் மட்டும் பேசினார்கள். அப்புறம் ஐந்து மாதம் அங்கேயே இருந்துவிட்டோம்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மனம் மாறாது. அவள் எனக்கு எட்டு மாதம் முன்னாலேயே தயாராக இருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள்.