கையால செஞ்ச மோதிரத்துக்கு ரெட்டிப்பு விலை, குடுக்கலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ரெண்டு மோதிரம் பாத்து வச்சிருக்கேன். ரெண்டுமே 18 கேரட், எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டுலயும் ஒத்தை நீலக்கல். ஒண்ணு மெஷின் வேலை. இன்னொண்ணு முழுக்க கையால செஞ்சதுன்னு சொல்றாங்க, கல்லைச் சுத்தி கடுகை விட சின்னதா தங்க மணி ஒட்டியிருக்கு, ஆனா விலை ரெட்டிப்பு. நிஜமாவே கைவேலைதானான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? பின்னாடி விக்கப் போனா அந்தக் காசு திரும்பி வருமா?"

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். முழுசா வராது. அதுக்காக வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரல. ஒரு நகையோட விலைக்குள்ள மூணு விஷயம் இருக்கு, உலோகம், கல், செஞ்ச கை. முதல் ரெண்டையும் தராசுலயும் லேப்லயும் அளந்துடலாம். மூணாவதை நீங்கதான் கண்ணால பாத்து படிக்கணும், அதுவும் நகையோட முன்பக்கத்துல இல்ல, பின்பக்கத்துல. நான் மதிப்பீட்டுக்கு வர்ற எந்த நகையையும் கையில வாங்கின உடனே திருப்பித்தான் பாப்பேன், முகப்பு எல்லாம் அப்புறம்தான்.

உலோகக் கணக்கு சின்னதுதான். தங்கத்துல கேரட்ங்கறது சுத்தம், 24ல எத்தனை பங்குன்னு அர்த்தம், கல்லுல கேரட்ங்கறது எடை, ஒரு கேரட் 0.2 கிராம். இந்த ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. மோதிரம் மொத்தமா 8.40 கிராம், கல்லு 2 கேரட்னு வச்சுக்கோங்க, கல்லுக்கு 0.40 கிராம் போனா தங்கம் 8 கிராம், 18 கேரட்னா அதுல முக்கால் பங்கு, அதாவது 6 கிராம்தான் சுத்தத் தங்கம். இந்த 6ஐ அன்னைக்கு சுத்தத் தங்கத்தோட கிராம் விலையில பெருக்கிப் பாருங்க, அதுதான் தரைவிலை, அதாவது உள்ள இருக்கற தங்கத்தோட மதிப்பு மட்டும், தங்க விலை மாறினா அதுவும் மாறும். உள்பக்கம் 750ன்னு முத்திரை இருக்கணும், 14 கேரட்னா 585, 22ன்னா 916, 9ன்னா 375. இங்கிலாந்துல 1300லயே மாத்து பாத்து முத்திரை குத்தணும்னு சட்டம் போட்டாங்க, அப்புறம் அந்த வேலை லண்டன்ல பொற்கொல்லர் சங்கத்தோட கட்டடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்கு வந்துச்சு, ஹால்மார்க்னு பேரு வந்ததே அந்த ஹாலை வச்சுத்தான். ஆனா அந்த முத்திரை உலோகத்தைப் பத்தி மட்டும்தான் பேசும், கை செஞ்சதா மெஷின் செஞ்சதான்னு ஒரு வார்த்தை சொல்லாது.

இப்ப பின்பக்கம். பத்து மடங்கு பெருசா காட்டற ஒரு லூப், அதாவது நகைக்காரங்க வச்சிருக்கற குட்டி பூதக்கண்ணாடி, வாங்கிக்கோங்க, அதை நகைகிட்ட இல்ல, கண்ணுகிட்ட ஒட்டி வச்சுக்கிட்டு நகையை மெதுவா பக்கத்துல கொண்டு வாங்க, தெளிவா தெரியற இடத்துல நிறுத்துங்க. கையால செய்றதுன்னா தகடும் கம்பியும் எடுத்து, ரம்பத்தால அறுத்து, அரம் போட்டு ராவி, பொடி (பாகங்களை ஒட்ட வைக்க உருக்கற உலோகக் கலவை) வச்சு ஊதி பத்தவைக்கிறது. அப்படி செஞ்சதுல அறுத்த விளிம்பு சுருக்குன்னு இருக்கும், ஒரு பாகம் இன்னொரு பாகத்தோட சேர்ற இடத்துல மயிரிழை மாதிரி பத்தவச்ச கோடு தெரியும், கம்பி கம்பியாவே தெரியும். வார்ப்புங்கறது மெழுகுல செஞ்சு, அதைச் சுத்தி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு அந்த இடத்துல தங்கத்தை ஊத்தறது. இதுல ஓரமெல்லாம் கொஞ்சம் மழுங்கி சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கும், மூலை முடுக்குல ஊசிமுனை அளவு பொத்தல் இருக்கும், பாலிஷ் எட்டாத உள் இடுக்குல மணல் மாதிரி சொரசொரப்பு அப்படியே நிக்கும். நல்ல கைவேலைக்காரர் அந்த இடுக்கை எல்லாம் பாகங்களை ஒண்ணு சேக்கறதுக்கு முன்னாடியே தேச்சுடுவார், சேத்த பிறகு எட்டாத ஓட்டைக்குள்ள நூலை விட்டு பாலிஷ் போட்டு இழுப்பார். யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் அந்த இடத்தை ஒருத்தர் சுத்தமா முடிச்சிருக்கார்னா, அதுக்குத்தான் நீங்க கூட காசு குடுக்கறீங்க, எனக்கு அதுல ஒரு சந்தேகமும் இல்ல.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். கரடுமுரடா இருந்தா கைவேலைன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. பத்தவச்ச பொடி வழிஞ்சு கட்டியா நிக்கறது, அரம் போட்ட கீறல் அப்படியே இருக்கறது, கல்லு சாஞ்சு உக்காந்திருக்கறது, இதெல்லாம் கைவேலைக்கு அடையாளம் இல்ல, அரைகுறை வேலைக்கு அடையாளம். ஒண்ணுக்கொண்ணு நூலளவு வித்தியாசம் இருக்கலாம், இடது பக்க இலையும் வலது பக்க இலையும் அச்சு அசலா ஒரே மாதிரி இல்லாம இருக்கலாம், அது கையோட இயல்பு, அது வேற. அதே மாதிரி வார்ப்புன்னா மட்டம்னும் நினைக்காதீங்க, கையால செதுக்கின ஒரே ஒரு மெழுகுல இருந்து வார்த்த நகை ரொம்ப உயர்ந்த வேலையா இருக்க முடியும். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பிரிண்ட் எடுத்து வார்த்ததை கைவேலைன்னு சொல்லி வித்தாத்தான் அது ஏமாத்து. அமெரிக்காவுல வியாபார ஏமாத்தைக் கண்காணிக்கற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனோட நகை வழிகாட்டுதல்ல இதுக்கு ஒரு நல்ல வரையறை இருக்கு, தகடு கம்பி மாதிரி மூலப்பொருள்ல இருந்து ஆரம்பிச்சு கடைசி வேலை வரைக்கும் கையாலயும் கை கட்டுப்படுத்தற கருவியாலயும் செஞ்சிருந்தாத்தான் கையால செஞ்சதுன்னு சொல்லணும், ரெடிமேட் பாகம் வாங்கி ஒட்டக் கூடாது. நீங்க எந்த நாட்டுல வாங்கினாலும் இதையே கேள்வியா கேக்கலாம்: இதுல எந்தெந்த பாகம் உங்க கையில உருவாச்சு, எது வெளிய வாங்கினது? செயின் கொக்கி வெளிய வாங்கினதுன்னா பரவாயில்ல, பல நல்ல ஆளுங்களே அப்படித்தான் செய்றாங்க. இந்தக் கேள்விக்கு தயங்காம பதில் சொல்றவர்கிட்ட வாங்குங்க.

உங்க மோதிரத்துல தங்க மணி ஒட்டின வேலை இருக்குன்னு படிச்சதும் எனக்கு சந்தோஷமா ஆயிடுச்சு, ஏன்னா இந்த ஒரு இடத்துலயே உங்க சந்தேகம் தீர்ந்துடும். இதுக்கு கிரானுலேஷன்னு பேரு. இத்தாலியில எட்ருஸ்கன் மக்கள் கிமு ஏழாம் நூற்றாண்டுலயே இதை நம்ப முடியாத நுணுக்கத்துல செஞ்சிருக்காங்க, சில மணி கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, பத்தவச்ச பொடியே கண்ணுக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரோம்ல நகை செஞ்ச காஸ்டெல்லானி குடும்பம் எவ்வளவோ முயற்சி பண்ணியும் அந்த அளவுக்கு வரல. லிட்டில்டேல்னு ஒரு ஆங்கிலேயர்தான் 1933ல ஒரு வழியை பேட்டன்ட் பண்ணினார், செம்பு உப்பையும் பசையையும் கலந்து மணியை ஒட்ட வச்சு சூடு பண்ணினா, பசை கரியாகி, அந்தக் கரி செம்பை பிரிச்சு எடுக்க, அந்தத் துளி செம்பு தங்கத்தோட சேர்ற இடம் மட்டும், தங்கம் உருகற 1064 டிகிரிக்கு ரொம்ப முன்னாடியே இளகிப் புடிச்சுக்கும். மணி உருண்டையாவே இருக்கும், அடியில ஒரு புள்ளியில மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும். அதனால லூப்ல மோதிரத்தை சாய்ச்சுப் பாருங்க. ஒவ்வொரு மணிக்கு கீழயும் ஒரு குட்டி நிழல், மணிக்கும் தகடுக்கும் நடுவுல ஒரு பள்ளம் தெரிஞ்சா அது தனித்தனியா வச்சு ஒட்டினது. மணியெல்லாம் பாதி புதைஞ்ச மேடு மாதிரி, பக்கத்து மணியோட கழுத்து ஒண்ணா உருகிக் கலந்த மாதிரி இருந்தா மொத்தமா வார்த்தது, அதுக்கு ரெட்டிப்பு குடுக்காதீங்க.

கல்லுக்கு வருவோம். நீலக்கல்னு சொல்றது சஃபையர்தானான்னு முதல்ல எழுதி வாங்குங்க, நீல நிறத்துல வேற கல்லும் நிறைய இருக்கு. சஃபையரை சூடு பண்ணி நிறம் ஏத்தறது ரொம்ப சகஜம், சொல்லிட்டு வித்தா அதுல தப்பில்ல, ஆனா சூடே பண்ணாத அதே தரக் கல்லு விலை கூட. வெளியில இருந்து ஒரு தனிமத்தை உள்ள செலுத்தி நிறம் மாத்தறது டிஃப்யூஷன், அந்தக் கல்லோட மதிப்பு ரொம்பக் குறைவு, இது லேப்ல மட்டும்தான் உறுதியா தெரியும். லேப்ல வளத்த கல்லு இப்ப வந்த விஷயம்னு நினைக்கறாங்க, வெர்னூயினு ஒரு பிரெஞ்சுக்காரர் தீச்சுவாலை முறையில மாணிக்கம் செஞ்சதை 1902லயே அறிவிச்சுட்டார், சில வருஷத்துல நீலமும் வந்துடுச்சு. பாட்டி காலத்து மோதிரம்னு ஒரு அம்மா கொண்டு வந்த நீலத்துல, மைக்ராஸ்கோப்புல பாத்தா கிராமபோன் தட்டுல இருக்கற மாதிரி வளைஞ்ச கோடு ஓடுச்சு, இயற்கைக் கல்லுல நிறக்கோடு நேராத்தான் ஓடும், அப்படி வளையவே வளையாது. அவங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஆனா மோதிரத்தோட வேலைப்பாடு அருமை, அதையும் சேத்தே சொன்னேன். ஜிஐஏ மாதிரி சொந்தமா கல்லு விக்காத லேபோட ரிப்போர்ட் கேளுங்க, ரிப்போர்ட்ல இருக்கற எடையும் மில்லிமீட்டர் அளவும் கையில இருக்கற கல்லோட பொருந்துதான்னு பாருங்க. அதுல விலை போட்டிருக்காது, போடவும் மாட்டாங்க. கல்லுக்குப் பின்னாடி மூடியிருந்தா ஏன் மூடினீங்கன்னு கேளுங்க, பழைய பாணின்னா சரி, ஆனா மூடின இடத்துக்குள்ள நிறத்தைக் கூட்டிக் காட்டற பளபளப்புத் தாளும் சாயமும் ஒளிய முடியும்.

இப்ப விக்கற விஷயம். ஒரே மோதிரத்துக்கு நாலு விலை இருக்கும், நீங்க வாங்கின விலை, இன்சூரன்ஸுக்கு எழுதற புதுசா செய்ய ஆகற விலை, இன்னொருத்தர் உங்ககிட்ட வாங்கற விலை, உருக்கற விலை. விக்கறவரே ஒரு மதிப்பீட்டுச் சான்று குடுத்து "இதோட மதிப்பு நீங்க குடுக்கறதை விட எவ்வளவோ மேல"ன்னு காட்டினா அதை மதிக்காதீங்க. மதிப்பீடு பண்றவருக்கு சம்பந்தமே இருக்கக் கூடாது, நகை மதிப்புல இத்தனை சதவீதம்னு ஃபீஸ் கேக்கறவர்கிட்டயும் போகாதீங்க, மதிப்பு ஏற ஏற அவருக்கு லாபம் இல்லையா.

உருக்கற கணக்குல கைவேலைக்கு மதிப்பு பூஜ்ஜியம். வேலை மதிப்பா நிக்கணும்னா செஞ்சவர் யாருன்னு நிரூபிக்க முடியணும். ரெனே லாலிக்னு ஒரு பிரெஞ்சு நகைக் கலைஞர் 1900 வாக்குல கொம்பு, கண்ணாடி, எனாமல்னு மலிவான பொருள்லயே நகை செஞ்சார், கலூஸ்த் குல்பென்கியன்னு ஒரு எண்ணெய்த் தொழிலதிபர் அவர்கிட்ட வாங்கினது இன்னைக்கும் லிஸ்பன்ல அவர் பேர்ல இருக்கற மியூசியத்துல இருக்கு, அதுக்கெல்லாம் பொருளை வச்சு விலை போட முடியுமா?

அதனால உங்க மோதிரத்துக்கு உள்பக்கம் செஞ்சவரோட குறி இருக்கான்னு பாருங்க. பில்லுல மொத்த எடை, கல்லோட எடை, தங்கத்தோட நிகர எடை, கல்லுக்கு என்ன சிகிச்சை, எத்தனை மணி நேர வேலை, எல்லாம் தனித்தனியா எழுதச் சொல்லுங்க, செய்யும்போது எடுத்த போட்டோ இருந்தா அதையும் வாங்கி பில்லோட வைங்க. தரைவிலையையும் கல்லோட விலையையும் கழிச்சா மிச்சம் இருக்கறதுதான் கைவேலைக்கான கூலி, அதை மணி நேரத்தால வகுத்துப் பாருங்க, அந்த அளவு கைத்திறன் இருக்கறவருக்கு ஒரு மணி நேரத்துக்கு அது நியாயமான கூலின்னு உங்களுக்குத் தோணினா தாராளமா குடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மோதிரத்தை காதுகிட்ட வச்சு லேசா தட்டுங்க, கல்லு ஆடினா சத்தம் வரும். இன்னொண்ணு, வளையத்தோட அளவை அன்னைக்கே சரி பண்ணிக்கோங்க, மணி ஒட்டின மோதிரத்தை பின்னாடி பெருசு சின்னது பண்ண மறுபடி நெருப்புல வைக்கணும், அதை செஞ்சவர் கையில மட்டும்தான் குடுக்கணும்.